மூங்கில் பனியனும் கருங்கண்ணிப் பருத்தியும்

டிஸ்கி: நான் காமர்ஸ் மாணவன். வேதியியலோடு என் உறவு பத்தாம் வகுப்போடு சரி. இருந்தாலும் இந்தப் பதிவில் கொஞ்சம் வேதியியல் வரும், பொறுத்துக்கோங்க மக்களே.

மூங்கில் என்ற செடிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. புல் இனம். வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூச்சிமருந்தும் பெரிதாகக் கேட்காது. 2017ல் மத்திய அரசு வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' கணக்கிலிருந்து நீக்கியதும் நல்ல வேலைதான். கூடை முடையுங்கள், பந்தல் போடுங்கள், வீடே கட்டுங்கள். என் சண்டையெல்லாம் "100% மூங்கில், இயற்கை" என்று பனியனில் ஒட்டும் லேபிளோடு.

அந்த மெத்து மெத்து பனியன் எப்படி வருகிறது? மூங்கில் கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாகப் பீய்ச்சுகிறார்கள். இதற்குப் பெயர் விஸ்கோஸ், அதாவது ரேயான். கார்பன் டைசல்பைடு தொழிலாளியின் நரம்பைப் பாதிக்கும் சமாச்சாரம். கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லயோசெல் முறை இருக்கிறது, அது தேவலாம். ஆனால் கடையில் விற்கும் மூங்கில் துணியில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான். அமெரிக்காவில் 2022ல் வால்மார்ட்டும் கோல்ஸும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. குற்றம்? ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றது!

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதையும் இல்லை. கேரளாவின் மாவூரில் குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்குக் காட்டு மூங்கில் டன் ஒரு ரூபாய்க்குப் போனது. (ஆமாம், ஒரு டன், ஒரு ரூபாய். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார்.) காடும் போச்சு, சாலியாறும் நாறியது. எதிர்த்துப் போராடிய கே.ஏ.ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். அதே வருஷம் ஆலையும் நின்றது. நம்ம சிறுமுகை விஸ்கோஸ் ஆலை பவானியாற்றை என்ன பாடு படுத்தியது என்று மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அங்கே கூழுக்குப் போனது மூங்கில் அல்ல, மரம். ஆனால் இழை ஆக்கிய விதம் இதேதான்.

"பருத்தி தண்ணீரைக் குடிக்குமே" என்பார்கள். வாய்க்கால் பாய்ச்சும் பருத்தி குடிக்கும். கோவில்பட்டிக் கரிசலில் எந்த வாய்க்காலைக் கண்டீர்கள்? ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் விட்டுப்போன ஈரத்தை ஆணிவேர் விட்டுத் தேடிக் குடித்து வளர்ந்தது கருங்கண்ணி. சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்கும், ஊடுபயிராக உளுந்துக்கும் இடம் கொடுக்கும். 1901ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தில் கே.11 உள்பட ரகம் ரகமாகக் கொடுத்தது. 'திருநெல்வேலிப் பருத்தி' என்று ஒரு காலத்தில் கப்பலேறியதும் இந்த மண்ணில் விளைந்ததுதான்.

பிறகு ஏன் காணாமல் போனது? இழை குட்டை. வேகமாக ஓடும் மில் எந்திரத்துக்கு நீள இழைதான் வேணும். விலையை முடிவு செய்வதும் இழை நீளம். தண்ணீர், மருந்து மிச்சமானது எந்த பில்லிலும் ஏறுவதில்லை. விளைவு, பருத்தி நின்ற காட்டில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அதையும் 2018ல் படைப்புழு வந்து மேய்ந்தது தனி வயிற்றெரிச்சல்.

கருங்கண்ணி நூலில் நெய்த சட்டை கொஞ்சம் மொரமொரப்பாக இருக்கும், வெயிலுக்கு அருமை. சென்னையில் துலா மாதிரி ஒன்றிரண்டு பேர் நாட்டுப் பருத்தியை வாங்கிக் கைத்தறியில் நெய்கிறார்கள். விலை கூடத்தான். ஆனால் மூங்கில் பனியனுக்கு 'இயற்கை' என்று கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் மகராசர்களே, அந்தக் காசில் பாதியாவது எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வந்து சேர்ந்தால், அடுத்த புரட்டாசியில் நாலு பேர் சோளத்தை விட்டுப் பருத்தி விதைப்பார்கள். கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அவ்வளவு ஸ்டேட்டஸ் போட்டோமே, கருங்கண்ணிக்கு ஒரு சட்டை வாங்க மாட்டோமா?