க்ளோசிங் ஸ்டாக்கும் கேன்சர் செல்லும்

பி.காம். படிக்கிறவனுக்கு கேன்சர் ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முதல் வருட அக்கவுண்ட்ஸில் சொல்லித் தருகிற ஒரு விஷயம் அங்கேயும் தேவைப்படுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

செல் தனக்குள் பழுதான சாமான்களை ஒரு பையில் சுற்றி, லைசோசோமுக்கு அனுப்பிச் செரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதுதான் ஆட்டோஃபேஜி. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பையில் எல்.சி.3 என்ற புரோட்டீன் ஒட்டியிருக்கும். அதைத் தேடிப் பிடிக்க ஆன்டிபாடி. பிடித்தது நமக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஆன்டிபாடியோடு ஒரு என்சைமை இணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குதிரை முள்ளங்கி வேரில் கிடைக்கும் பெராக்ஸிடேஸ். அதற்கு லுமினால் கலவையைக் கொடுத்தால் ஒளி வரும். புரோட்டீன் அதிகம் இருந்தால் படத்தில் பட்டை அழுத்தமாக விழும்.

சரி, மருந்து கொடுத்த பிறகு பட்டை அழுத்தமானால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று அர்த்தமா? இங்கேதான் வம்பு. மார்ச் 31 அன்று ஒரு கடையில் சரக்கு குவிந்து கிடக்கிறது. கொள்முதல் கூடியதா, விற்பனை படுத்துவிட்டதா? க்ளோசிங் ஸ்டாக்கை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதே கதைதான். குளோரோகுயின் கொடுத்தால் லைசோசோம் சரியாக வேலை செய்யாது, பைகள் தேங்கும், பட்டை அழுத்தமாகும். ஆட்டோஃபேஜியோ பாதியில் நின்றிருக்கும்!

வழி இருக்கிறது. லைசோசோமை முடக்கும் பாஃபிலோமைசினைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை அளந்து வித்தியாசம் பார்க்கலாம். செரிந்து குறைய வேண்டிய பி62 புரோட்டீன் குறைகிறதா என்றும் பார்க்கலாம். 2008இல் வந்த முதல் வழிகாட்டித் தொகுப்பிலிருந்தே இதை வலியுறுத்தி வருகிறார்கள்.

இது வெறும் கணக்கு வழக்கு இல்லை. ஆட்டோஃபேஜி ஆரம்பத்தில் கேன்சரைத் தடுக்கலாம். வளர்ந்துவிட்ட கட்டிக்கோ அதுவே பட்டினிக் காலத்தில் சோறு போடலாம். அதைத் தடுத்துப் பார்க்கத்தான் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு மருந்து ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா என்பதையே மாற்றி எழுதினால், அதை நம்பி அடுத்து நடக்கும் சோதனை எங்கே போய் நிற்கும்?

என் கருத்து இதுதான்: ஒற்றைப் பட்டையை மட்டும் காட்டி "ஆட்டோஃபேஜி அதிகரித்தது" என்று எழுதும் ஆய்வுக் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். கூடுதல் செலவு ஆகும்தான். ஸ்டாக்கை மட்டும் எண்ணிவிட்டு லாபம் என்று சொல்லும் கணக்கில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா, சொல்லுங்கள்?