நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஒரு கட்டம்

உங்க ஹாஸ்டல் மொட்டை மாடிக் கொடியை ஒரு தடவை பாருங்க. பாதிச் சட்டை கட்டம் போட்டதாக இருக்கும். பக்கத்தில் தொங்கும் கைலியும் கட்டம்தான். இன்ஜினியரிங் பையன் என்றாலே செக்டு ஷர்ட் என்று மீம் போட்டே ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த மாதிரிக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணிக்கு அமெரிக்காவில் பெயர் என்ன தெரியுமா? 'மெட்ராஸ்'. ஊர்ப் பெயரை 1996-ல் மாற்றிவிட்டோம். துணிக்கு இன்னும் பழைய பெயர்தான்.

இதை இப்போ எடுக்கக் காரணம், சிம்போசியம் டி-ஷர்ட். வருஷா வருஷம் அதே கூத்து. டிசைன் போட்டி வைப்போம், வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடத்துவோம், தி.நகரில் ஒரு கடையில் பிரிண்ட் கொடுப்போம். போன வருஷத்து டி-ஷர்ட்டில் மூணாவது சலவைக்கே லோகோ உரிந்து, இப்போ எங்க ரூமில் அது பைக் துடைக்கிறது. இந்த வருஷம் அந்தக் காசில் நம்ம டிபார்ட்மெண்டுக்கென்று ஒரு கட்டத்தைக் கைத்தறியில் நெய்து வாங்குவோம் என்பதுதான் என் கட்சி. சட்டையோ கைலியோ, அது அவரவர் இஷ்டம்.

சிரிக்காதீங்க. ஸ்காட்லாந்தில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட்டில் இருக்கும் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். குடும்பத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. 2009 முதல் அரசே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்த நிறம் எத்தனை இழை என்ற கணக்கோடு யார் வேண்டுமானாலும் தன் கட்டத்தைப் பதியலாம். இதே மலைநாட்டு உடையை 1746-ல் லண்டன் சட்டம் போட்டுத் தடுத்தது. 1782-ல்தான் தடை நீங்கியது. தடை இருந்தபோதும் ராணுவத்தில் மட்டும் அனுமதி உண்டு. அப்படி வந்த ஒரு மலைநாட்டுப் படைதான் 1780-ல் மெட்ராஸில் இறங்கி, அதே வருஷம் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர்ப் போரில் ஹைதர் அலியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்துச் சிப்பாய்களைப் பார்த்துத்தான் நம்ம நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் நம்பவில்லை. இவர்கள் வருவதற்கு முன்பே நம்ம கடற்கரையிலிருந்து கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டது.

ஒரு கல்வி நிறுவனம் தனக்கென்று நெய்துகொள்வது நம்ம ஊருக்கும் புதுசில்லை. 1936-ல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அடுத்த வருஷமே அங்கே தறிகளையும் போட்டார். நடனத்துக்கும் உடுத்தவும் அவர் மனதில் இருந்த நிறமும் கரையும் கடையில் கிடைக்கவில்லை. சொல்லி நெய்ய வைத்தார். இன்றைக்கும் 'கலாக்ஷேத்ரா புடவை' என்றால் மயிலாப்பூர் மாமிகள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நம்ம டி-ஷர்ட்டை அப்படி யாராவது கண்டுபிடிப்பார்களா?

சரி, எப்படிச் செய்வது? இங்கேதான் நமக்குப் பிடித்த கணக்கு வருகிறது.

நான் இ.சி.இ. அதனால் ரெசிஸ்டர் கலர் கோடிலிருந்து தொடங்கினேன். பழுப்பு, கருப்பு, சிவப்பு. ஆமாம், ஒரு கிலோ ஓம். பழுப்பு 24 இழை, கருப்பு 12, சிவப்பு 4, திரும்பக் கருப்பு 12. மொத்தம் 52 இழை, மறுபடி முதலிலிருந்து. அங்குலத்துக்கு 60 இழை என்றால் ஒரு கட்டம் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பாவிலும் ஊடையிலும் இதே வரிசை வந்தால், பழுப்பு பழுப்பைச் சந்திக்கும் இடம் சுத்தப் பழுப்பு, பழுப்பு சிவப்பைச் சந்திக்கும் இடம் செங்கல் மாதிரி ஒரு கலவை. மூணு நிற நூலிலிருந்து துணியில் ஆறு நிறம் கிடைக்கும். நிறங்களின் எண்ணிக்கையை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுங்க, அவ்வளவுதான். நாலு நிறம் போட்டால் பத்து.

உடனே ஒருத்தன் கேட்டான்: "மச்சி, டாலரன்ஸுக்குத் தங்கக் கோடு எங்கே?" பத்து நிறம் கிடைக்குமே என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊடையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நாடா வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம் நெசவாளர் ஒரு நாடாவை நிறுத்தி இன்னொன்றை எடுக்கணும். நமக்கு அது ஃபோட்டோஷாப்பில் ஒரு கிளிக். அவருக்கு அன்றைய நீளத்தில் குறைகிற துணி, குறைகிற கூலி. இன்னொன்று, ஒரு பக்கம் மட்டும் நாடாப் பெட்டி உள்ள தறியில் போன நாடா திரும்பி வந்தால்தான் நிறம் மாற்ற முடியும். அதனால் ஊடையில் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஒற்றை இழைத் தங்கக் கோடு லேப்டாப்பில் அழகு, அந்தத் தறியில் நடக்காது.

அடுத்தது பாவு. 36 அங்குல அகலத் துணிக்கு, அங்குலத்துக்கு 60 வீதம், 2,160 இழை. புதுசாகப் பாவு ஏற்றும்போது ஒவ்வொரு இழையும் வரிசை தப்பாமல் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழையணும். பத்து மீட்டர் நெய்தாலும் நூறு மீட்டர் நெய்தாலும் இந்த வேலை ஒன்றுதான். அதனால்தான் "ஒரே ஒரு சட்டைக்கு நெய்து தருவீங்களா" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. கிளாஸில் 60 பேர், தலைக்கு இரண்டரை மீட்டர் என்றால் 150 மீட்டர். இது ஒழுங்கான ஆர்டர். ஒரு தறியில் நாளுக்கு நாலு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நெசவு மட்டும் 38 நாள். அதற்கு முன்னால் சாயம், பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது. மழை பிடித்தால் பாவு காயாது. பிப்ரவரி சிம்போசியத்துக்கு ஆகஸ்டிலேயே முடிவெடுக்கணும். ரெக்கார்டு நோட்டை சப்மிட் பண்ணும் நாள் காலையில் எழுதுகிற நமக்கு, உண்மையைச் சொன்னால், இதுதான் ஆகப் பெரிய தடை. காசு இல்லை.

காசு விஷயமும் பேசிவிடுவோம். டி-ஷர்ட்டைவிடக் கூடத்தான் ஆகும், தையல் கூலி வேறு. "விசைத்தறியில் ஒரே வாரத்தில், பாதி விலையில் முடியுமே" என்பார்கள். முடியும், அது தப்பும் இல்லை, விசைத்தறி ஓட்டுகிறவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு மேடையில் ஏறி "கைத்தறியை ஆதரிக்கிறோம்" என்று பேசாதீங்க. கைலி உட்பட 11 வகைத் துணிகள் குறிப்பிட்ட வரையறையோடு, 1985-ம் வருஷச் சட்டத்தின் கீழ், கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 2006-ல் கைத்தறி முத்திரையும் வந்தது. இவ்வளவு காவல் போட வேண்டியிருக்கிறது என்றால் ஏமாற்று எவ்வளவு சுலபம் என்று பார்த்துக்கோங்க.

பேரமும் வேண்டாம். அதைப் பாண்டி பஜாரோடு வைத்துக்கோங்க. மாதிரித் துண்டு நெய்யச் சொன்னால் அதற்குத் தனியாகக் காசு கொடுங்க. நெசவாளர் "இந்தச் சிவப்பு எடுபடாது தம்பி" என்றால் கேட்டுக்கோங்க. காலரில் வைக்கும் லேபிளில் டிபார்ட்மெண்ட் பெயருக்குப் பக்கத்தில், அவருக்குச் சம்மதமென்றால், அவர் பெயரும் இருக்கட்டும். டிசைன் போட்டியில் ஜெயித்தவனின் பெயரை மட்டும் போட்டால் அது பாதி உண்மை.

சாயத்தைப் பற்றி ஒரு கதை. எம்.ஆர்.சி. நகர்க் கடலோரம் நிற்கும் லீலா பேலஸைப் பார்த்திருப்பீங்க. அந்த ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அதற்கு முன்பு கைத்தறித் துணி ஏற்றுமதியாளர். 1958-ல் ஒரு அமெரிக்க இறக்குமதியாளருக்கு மெட்ராஸ் கட்டத் துணியை விற்றபோது, சாயம் போகும், குளிர்ந்த நீரில் பதமாக அலசணும் என்று சொல்லித்தான் அனுப்பினாராம். அந்த எச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட, சாயம் ஓட, ஒரே ரகளை. கடைசியில் விளம்பர ஆட்கள் புகுந்து 'சாயம் போகும், உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' பிறந்தது இப்படித்தான். நமக்கு விளம்பர மேதை யாரும் இல்லை. அதனால் கெட்டிச் சாயம்தானா என்று முதலிலேயே கேட்டு, மாதிரித் துண்டை ஹாஸ்டல் உப்புத் தண்ணீரில் நாலு தடவை துவைத்துப் பார்த்துவிடுவோம்.

பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. டிசைனுக்கும் சாயத்துக்கும் வழி கேட்க அடையாறிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம். வர சனிக்கிழமை கிராஃப் நோட்டோடு உட்காருகிறோம். மெக்கானிக்கல், சிவில் ஆட்கள் உங்க நிறங்களோடு வாங்க. மூணுக்கு மேல் வேண்டாம், எல்லாம் இரட்டைப்படை. தங்கக் கோட்டுக்காரன் மட்டும் இன்னும் மசியவில்லை.