எழுதும் முன் காது கொடுங்கள்!

புளியஞ்சோலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டூர். கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் அய்யாற்றில் குளியல், பாறை மேல் செல்ஃபி, துறையூர் பஸ்ஸில் திரும்பும்போது மனசுக்குள் ஒரு கதாநாயகி. வீட்டுக்கு வந்து மொபைலில் நோட்ஸைத் திறந்தால், ஓடை சலசலவென்று ஓடுவதோடு கதை நின்றுவிடும். அந்த ஓடை எந்த ஊரில்தான் ஓடாது? காலண்டர் படத்தில்கூட ஓடும்!

மலைப்பாதையில் சுமையோடு இறங்கி வரும் ஒரு பெண்தான் கதாநாயகி என்று வைத்துக்கொள்வோம். சுமையில் என்ன இருக்கிறது? என்ன விலைக்குக் கேட்பார்கள்? பேரம் படியாவிட்டால், மறுபடி தூக்கிக்கொண்டு மலை ஏறுவாரா? இது தெரியாமல் இரண்டாவது பாரா வராது. கற்பனையில் நிரப்பினால், அந்த ஊர்க்காரர் படித்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியவர், இதே திருச்சி மாவட்டத்து முசிறியில் 1925-ல் பிறந்த ராஜம் கிருஷ்ணன். 15 வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவரோடு போய் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், படகர் மக்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்து எழுதிய நாவல்தான் ‘குறிஞ்சித்தேன்’. பிறகு அதுவே அவர் பாணியானது. முதலில் பயணம், பிறகுதான் பேனா. ‘கரிப்பு மணிகள்’ எழுத தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் போனார். ‘முள்ளும் மலர்ந்தது’ நாவலுக்காக சம்பல் பள்ளத்தாக்குக்கே போய், கொள்ளையர்களாக இருந்தவர்களைச் சந்தித்தார். கூகுள் மேப் இல்லாத காலத்தில்! 1973-ல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

வெயிலில் வெள்ளையாய்க் கண் கூசும் பாத்தி, உப்பு நீரில் நின்று புண்ணாகும் கால்... உப்பளத்தில் வேலை செய்பவர் வாயிலிருந்து வந்தால்தான் இதெல்லாம் வலியாக எழுத்தில் இறங்கும். நாமாகச் சேர்த்தால், வெறும் இரக்கம்தான் மிஞ்சும்.

இன்று நமக்கு வேலை சுலபம். வாய்ஸ் ரெக்கார்டர் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஆனால் அனுமதி கேட்டு, எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். பேட்டி மாதிரி கேள்வி அடுக்காமல், ‘இன்னைக்கு யாவாரம் எப்படிங்கம்மா?’ என்று தொடங்கினால் போதும். மீதியை அவரே சொல்வார்.

ஒரு கண்ணி இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் வாய்ஸ் டைப்பிங், முதல் வரைவை வேகமாக எழுத அருமையான வசதி. ஆனால் வட்டாரச் சொல் வந்தால் தடுமாறும். உப்பளத்துக்காரர் ‘அளம்’ என்று சொன்னால், திரையில் ‘களம்’ என்று விழலாம். எந்தச் சொல்லைக் கேட்க அவ்வளவு தூரம் போனோமோ, அதுவே காணாமல் போய்விடும். அதனால் எழுத்தாக மாற்றிய பிறகும் ஒலிப்பதிவை அழிக்க வேண்டாம். திருத்தும்போது இன்னொரு முறை ஹெட்போனில் கேளுங்கள். புரியாத சொல்லை நீங்களாக மாற்றாமல், சொன்னவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பதிவுக்கு ஊர்ப் பெயரும் தேதியும் வைத்துவிடுங்கள். ‘ரெக்கார்டிங் 47’ என்று இருந்தால், ஆறு மாதம் கழித்து அது கதாநாயகியா, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமா என்று தேட வேண்டியிருக்கும்!