துருத்தியும் துருத்தலும்

'ஆசிரியரின் குரல் துருத்திக்கொண்டு நிற்கிறது' என்று மதிப்புரைகளில் எழுதிப் பழகிவிட்டோம். துருத்தி என்ற பெயர்ச்சொல்லையோ அநேகமாக மறந்துவிட்டோம். கொல்லன் உலைக்குக் காற்றூட்டும் தோற்பை அது. நீர் பீய்ச்சும் கருவிக்கும் அதுவே பெயர். ஆற்றிடைக்குறையும் துருத்திதான், திருவையாற்றை அடுத்த திருப்பூந்துருத்தியும், தேவாரத்தில் திருத்துருத்தி எனப்படும் குத்தாலமும் அப்பொருளை இன்றும் சுமக்கின்றன.

பட்டறைகளுக்கு மின்விசிறி வந்தபின் தோல்துருத்தி அருகியது. நம்மிடம் புழக்கத்தில் எஞ்சியது அதே ஓசை கொண்ட வினை மட்டுமே, அதுவும் குற்றச்சாட்டாக.

ஆனால் உலைக்களத்துத் துருத்தி தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தீக்கு வெளியே இருந்து மூச்சைத் தருகிறது, ஒளிர்வது இரும்பு. நல்ல ஆசிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை ஏது? குரல் துருத்துகிறது என்று குறைகூறுமுன், அந்த மூச்சு கனலை எழுப்பியதா என்று கேட்போம்.