விடுதியில் ஒரு வைகறை

பயணம் என்றாலே பல இடங்களைப் பார்த்துத் திரும்புதல் என்று நம்மிற் பலர் பொருள் கொள்கின்றோம். ஒரே நாளில் எத்தனை இடங்களைக் கண்டோம் என எண்ணிச் சொல்வதில் பெருமிதமும் அடைகின்றோம். ஆயின், பயணத்தின் ஒரு காலைப் பொழுதேனும் எங்கும் செல்லாது அமர்ந்திருத்தற்கு உரியது என்பதே நம் கருத்து. அதற்குத் தக்க சான்று, ஜப்பானியரின் மரபுவழித் தங்கும் விடுதியாகிய ரியோக்கான்.

ரியோக்கான்கள் நெடிய வரலாறு உடையவை. யமனாஷி மாநிலத்து மலைகளிடையே வெந்நீர் ஊற்றை ஒட்டியமைந்த கெய்யுன்கான் கி.பி. 705இல் தோன்றியதென்பர், உலகின் மிகப் பழைய விடுதியெனக் கின்னஸ் நூல் 2011இல் அதனை ஏற்றது. இஷிகாவா மாநிலத்து ஹோஷி விடுதி கி.பி. 718இல் தொடங்கியதென்பது மரபு.

அங்கே விடியல் வரும் முறையே தனி. ஷோஜி எனப்படும் காகிதக் கதவுகளின் வழியே ஒளி வடிகட்டிய பால்போல் பரவுகின்றது. இவ்வொளியின் மென்மையையும் நிழலின் அழகையும் எழுத்தாளர் தனிஸாகி 1933இல் ஒரு கட்டுரை முழுதும் போற்றியுள்ளார். தரையில் விரித்த கோரைப் பாயாகிய தத்தாமியின் மணம், மாடத்தில் ஓர் ஓவியச் சுருளும் ஒரு மலரும், வேறு பொருளில்லை. தோட்டத்தில் நீர் நிறைந்த மூங்கிற் குழாய் சாய்ந்து நீரைக் கொட்டி மீள்கையில் கல்லில் மோதும் ஒலி இடைவிட்டுக் கேட்கின்றது. மான், பன்றி முதலியவற்றை வயலினின்று விரட்டப் பிறந்த கருவி, இன்று அமைதியை அளந்து காட்டும் கருவியாயிற்று! குளித்து, இடப்புறம் மேலாக வரும்படி யுக்காத்தா அணிந்து அமர்ந்தால், வெண்சோறு, சோயா விழுதிட்ட மிசோ சாறு, சுட்ட மீன், ஊறுகாய், பசுந்தேநீர் எனக் காலையுணவு சிறுசிறு கிண்ணங்களில் வருகின்றது. ஒவ்வொன்றும் சிறிதாதலின் மெல்லவே உண்ண வேண்டியுள்ளது.

'இவ்வளவு தொலைவும் பொருளும் செலவிட்டுச் சும்மா இருக்கவோ செல்வது?' என்று வினவுவார் உளர். கோயில்களையும் கோட்டைகளையும் படத்திலும் காணலாம். ஒரு மக்கள் எவ்வாறு விழித்தெழுகின்றனர், எவ்வாறு விருந்தோம்புகின்றனர் என்பதை அவர்தம் கூரையின்கீழ் இருந்தே உணர முடியும் என்பது நம் விடை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. காகிதக் கதவு ஒலியைத் தடுப்பதில்லை. அங்கு நிலவும் அமைதி, அடுத்த அறையிலிருப்பவர் குரல் தாழ்த்துவதாலும், வாயிலிலேயே காலணி கழற்றுவதாலும், இருள் பிரியுமுன் எழுந்து சமைக்கும் பணியாளர் ஓசையின்றி நடப்பதாலும் உண்டாவது. பலர் கூடிக் காக்கும் பொதுச் செல்வம் அது. நாம் உரத்துப் பேசினால் அச்செல்வத்தைக் களவாடியவர் ஆவோம்.

அச்செல்வமும் இன்று சுருங்கி வருகின்றது. 1980களில் 80,000க்கு மேலிருந்த ரியோக்கான்கள் 2017 அளவில் 40,000க்கும் கீழாகக் குறைந்தன. தொழிலை ஏற்று நடத்தும் வாரிசின்மை, ஊர்ப்புறங்களில் இளைஞர் குறைதல், மேனாட்டுப் பாணி விடுதிகளின் பெருக்கம் ஆகியன காரணங்கள். பெருநகர விடுதிகளில் வசதிக்குக் குறைவில்லை; ஆனால் எந்நாட்டில் கண்விழித்தோம் என்பதைச் சுவரும் சொல்லாது, உணவும் சொல்லாது.

ஆகவே, வாய்ப்புப் பெற்றுச் செல்வோர் பயணத் திட்டத்தில் ஒரு காலையை வெற்றிடமாக விட்டு வைப்பாராக. பெரும்பாலும் பத்து மணியளவில் அறையை ஒப்படைத்தாக வேண்டும். அதுவரையுள்ள சில நாழிகைகளில் பெறும் நிறைவு, பல நாள் அலைச்சலிலும் கிட்டாதது.