ஆதாரத்துக்கு ஆளை எங்கே பிடிப்பது?



என் தங்கைக்காக அவளுடைய டாக்டர் ஒரு மருந்து கேட்டு எழுதி அனுப்பிய சிறப்பு அனுமதி விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: போதிய ஆய்வு ஆதாரம் இல்லையாம்!

அவளுக்கு ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைடிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குருத்தெலும்பை அரிக்கும் நோய். முதலில் காது சிவந்து வீங்கியது. தோடு போடும் சதை மட்டும் நன்றாக இருந்தது. அங்கேதான் குருத்தெலும்பு கிடையாதே. பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்தார்கள். குரல் கம்மி, மூச்சை இழுக்கும்போது விசில் சத்தம் வந்ததும் ஆஸ்துமா என்று இன்ஹேலர். குரல்வளையும் மூச்சுக்குழாயும் தளர்ந்துபோனால் கழுத்தில் துளை போட வேண்டி வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்று பிரெட்னிசோலோன்தான் அவளைத் தாங்குகிறது. முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. மாத்திரையைக் குறைத்தால் மறுபடியும் விசில். அதனால்தான் டாக்டர் இன்ஃபிலிக்சிமாப் கேட்டார். மூட்டுவாதக்காரர்களுக்கு ஏற்கெனவே போடுகிற ஊசிதான்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வரும் நோய் இது. பெரிய ஆய்வுக்கு ஆளை எங்கே பிடிப்பது? நாங்கள் போய் இன்னும் நாலு பேருக்கு நோயை வரவழைத்து, கூட்டமாக வந்து நிற்க வேண்டுமா? பிரெட்னிசோலோனுக்கும் இந்த நோயில் அப்படியொரு ஆய்வு கிடையாது. அதை மட்டும் வாய் திறக்காமல் கொடுக்கிறார்கள், மலிவு என்பதால்.

நான் குடியிருப்பது சுங்கை பூலோவில். 1930-இல் இங்கே தொழுநோயாளிகளுக்கென்று ஓர் ஊரையே கட்டினார்கள். அந்த நோய்க்குக் கொடுத்த டாப்சோனைத்தான் என் தங்கையின் நோய் லேசாக இருக்கும்போது டாக்டர்கள் கொடுத்துப் பார்ப்பதுண்டு. இந்த நோய்க்கு அதை ஆயிரம் பேரிடம் சோதித்துவிட்டா ஆரம்பித்தார்கள்?

'அரசாங்க மருத்துவமனையில் 5 வெள்ளிக்கு நிபுணரைப் பார்க்கிறீர்கள், இன்னும் என்ன?' என்று சிலர் கேட்கலாம். பார்க்கிறோம், நன்றி. அவர் எழுதும் மருந்தைக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் பார்த்து என்ன பயன்? விலைதான் தடை என்றால் விலை என்றே எழுதுங்கள். மூச்சடைத்து ஐசியூவில் கிடந்தால் ஆகும் செலவு மட்டும் எந்தக் கணக்கில் போகும்?

மறு விண்ணப்பம் போயிருக்கிறது. இந்த முறை நிராகரிக்கிற அதிகாரி, இந்த நோய் உள்ள ஒருவரையாவது நேரில் பார்த்ததுண்டா என்பதையும் கையெழுத்துக்கு மேலே எழுதி அனுப்பட்டும்.

வாசகர்,
சுங்கை பூலோ