வெறுக்கச் சென்றேன், விரும்பி வந்தேன்

மதுவை வெறுப்பதற்கு எனக்குக் காரணம் உண்டு. கோவண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் கற்பிக்க வேண்டியதில்லை. சம்பள நாள் இரவில் எந்த வீட்டில் பாத்திரம் உருளும், எந்த வீட்டில் குழந்தை பசியோடு உறங்கும் என்பதை எங்கள் சந்து முழுவதும் அறியும். 2015 ஜூன் மாதத்தில் மலாடு பகுதியின் மால்வணியில் நச்சுச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, எங்கள் தெருப் பெண்கள் தம் வீட்டுச் சாவுபோல அழுதார்கள். என் சித்தப்பாவைக் கொண்டுபோனதும் சாராயந்தான்.

ஆகவே, சென்ற பிப்ரவரியில் வகுப்புத் தோழர்கள் நாசிக் திராட்சைத் தோட்டங்களைக் காணப் புறப்பட்டு என்னையும் அழைத்தபோது, நான் ஒரு தீர்மானத்தோடுதான் ரயிலேறினேன். ஒரே ஒரு வாய் ஒயின் குடிப்பது, உடனே துப்புவது, "இந்தப் புளித்த தண்ணீருக்கா இத்தனை ஆரவாரம்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது. சொல்ல வேண்டிய வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சுவைப்பது ஒன்றுதான் பாக்கி!

தோட்டத்தில் கண்டவை வியப்பளித்தன. ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் நடைபெறும் அறுவடை நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறுகிறது. மழைக்காலத்தில் பழுத்தால் கனி அழுகிவிடும். அதனால் மழை ஓய்ந்தபின் கொடியைக் கவாத்து செய்து, பனிக்காலத்தில் பழுக்கவிடுகிறார்கள். ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் தன் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில்தான். உணவுக்கான திராட்சைக்குப் பெயர்பெற்றிருந்த மண்ணில் ஒயின் தொழில் இவ்வளவு குறுகிய காலத்தில் வேரூன்றியிருக்கிறது.

பிறகு கோப்பை வந்தது. செனின் பிளாங்க் என்னும் திராட்சையிலிருந்து எடுத்த வெள்ளை ஒயின். முகர்ந்தேன், கொய்யாப்பழ வாசம். சுவைத்தேன், மாங்காய்ப் புளிப்பு, அதன் பின்னே மெல்லிய இனிப்பு. நண்பர்களே, நான் துப்பவில்லை. தோழர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பரவாயில்லை" என்று முணுமுணுத்தேன். அது பொய். நன்றாக இருந்தது. அந்த உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

என்னினும் பெரியவர்களும் இப்படி அகப்பட்டிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 1976 மே 24 அன்று பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் ஒரு சோதனை நடத்தினார். நடுவர்கள் பிரான்சின் பெரும் சுவை வல்லுநர்கள். பிரெஞ்சு ஒயினும் கலிபோர்னிய ஒயினும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. முடிவில் வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னிய ஒயின்களே! நடுவர்களில் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம். பெயர் தெரியாதபோது மெச்சிய நாவு, பெயர் தெரிந்ததும் நாணியது.

2001இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பற்றிப் பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்களோ சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள்! கண் முதலில் தீர்ப்பெழுதியது. மூக்கு கையெழுத்து மட்டும் போட்டது.

"அப்படியானால் குடிக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பருகி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் 56ஆவதாக உள்ளது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் திருக்குறளில் உள்ளது. இரண்டும் நம் முன்னோர் சொத்தே. நான் இன்றும் வள்ளுவர் பக்கம் நிற்பவன். ஆனால், "மது சுவையற்றது; அதனால் வேண்டாம்" என்று இனிச் சொல்லமாட்டேன். பொய்யான காரணத்தின்மேல் கட்டிய கொள்கை, முதல் கோப்பையிலேயே சரிந்துவிடும். சுவையாயிருந்தும் அது குடும்பத்தைக் குலைக்கும். அதனால் வேண்டாம் என்பதே நேர்மையான வாதம். எதிரியின் நன்மையை ஒப்புக்கொண்டபின் சொல்லும் மறுப்புக்கே வலிமை மிகுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புட்டியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் பற்றி எண்ணியபோது, என் மேல் ஒட்டிய சீட்டும் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஊர் எதுவென்று கேட்டவர்களிடம் "செம்பூர்" என்றே சொல்லிவந்தேன். கோவண்டி என்றால் பலருக்கும் 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவனார் மேடுதான் கண்முன் வரும். அதே தேவனாரில் 1954 முதல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இயங்குவது நினைவுக்கு வராது. தெருவிளக்கடியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் நினைவுக்கு வரமாட்டார்கள். சுவைக்குமுன் துப்பத் துணிந்து நாசிக்குக்குப் போன நானும், பாராமலே எங்கள் ஊரைப் பழிப்பவரும் ஒரே தவற்றைச் செய்தவர்கள் அல்லவா?

நண்பர்களே, வெறுப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைச் சுவைத்தபின் பயன்படுத்துவோம். தவறென்று தெரிந்தால் இரண்டு நாள் காத்திராமல் அன்றே சொல்வோம். நானும் தொடங்கிவிட்டேன்: என் ஊர் கோவண்டி. ஒருநாள் வந்து பாருங்கள். வெறுக்க நினைத்து வந்தாலும் சரியே!